பந்து போடுறவன் கையில இருந்து பேட்ட புடுங்காதீங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம, கோட்டை மைதானத்துல லெதர் பால் மேட்ச். அக்கா பையன் ஆடுறான். பதினாறு வயசு, நல்ல உயரம், வேகமா போடுவான், புது பந்து குடுத்தா உள்ள வர்ற மாதிரி போடுவான். எங்க வீடு சத்துவாச்சாரி, காலைல ஆறரைக்கே பைக்ல உக்கார வெச்சிக்கினு கெளம்பிட்டேன், ஒம்போது மணிக்கு மேல எங்க ஊரு வெயில் எப்டின்னு சொல்லவே தேவையில்ல. வண்டிய விட்டு எறங்கும்போதுதான் அவன் பைய பார்த்தேன். ஷூ, தண்ணி பாட்டில், துண்டு, டப்பால எலுமிச்ச சாதம். அவ்ளோதான். பேட் இல்ல, பேடு இல்ல, கிளவுஸ் இல்ல.

"டேய் கிட்டெல்லாம் எங்கடா?"

"நான் பவுலர் மாமா. பேட்டிங் வந்தா என்ன தூக்கிட்டு வேற ஆளு போட்டுருவாங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம்."

அவன் அத வருத்தமா சொல்லல, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மழைக்கு கொட எடுத்துக்கினு வரலன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்றான். அந்த டோர்னமென்ட்டுக்கு அடிச்ச நோட்டீஸ்ல கடைசில ஒரு லைன், "இம்பாக்ட் பிளேயர் விதி உண்டு". மேட்ச் நடுவுல ஒருத்தர எடுத்துட்டு வேற ஒருத்தர எறக்கலாம்னு ஐபிஎல்ல இருக்குது, அதனால இங்கயும் வெச்சிட்டாங்க. நாலு மேட்ச் ஆடி பதினாறு ஓவர் போட்டான் அவன், ஒரே ஒரு பால் கூட ஃபேஸ் பண்ணல. முதல்ல ஃபீல்டிங்னா போட்டு முடிச்சதும் அவன எடுத்துட்டு ஒரு பேட்ஸ்மேன உள்ள அனுப்புறாங்க, முதல்ல பேட்டிங்னா அது முடியிற வரைக்கும் இவன் வேப்பமரத்தடில உக்காந்துக்கினு இருக்கான், அப்பால வந்து பந்து போடுறான்.

இதப் பத்தி எழுதணும்னு அன்னிக்கே தோணிச்சு. ஆனா இத நான் மொதல்ல பார்த்தது கிரிக்கெட்ல இல்ல, பேஸ்பால்ல. 2017ல கம்பெனி வேலையா அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஒன்றரை வருஷம் இருந்தேன், அங்க இருந்த திருவண்ணாமலைக்காரர் ஒருத்தர், நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன், அவருக்கு அந்த ஊரு பேஸ்பால் டீம் கார்டினல்ஸ்னா உயிரு. வாய்யா வாய்யான்னு புஷ் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கினு போவாரு. மொத ரெண்டு மேட்ச் எனக்கு ஒண்ணுமே புடிக்கல. எல்லாரும் சுத்துறாங்க, பந்து படல, நடந்து போறாங்க. இதுல இன்னா இருக்குதுன்னு நெனச்சேன்.

மூணாவது மேட்ச்தான். கோடை காலம், ராத்திரி, ஸ்டேடியத்துக்கு அந்தாண்ட அந்த பெரிய வளைவு லைட்ல தெரியுது. ஏழாவது இன்னிங்ஸ், ரெண்டு பக்கமும் இன்னும் ஒரு ரன் கூட இல்ல. எங்க பிட்சர், அதாவது பந்து போடுறவரு, பிரமாதமா போட்டுக்கினு இருக்கார். எங்க பேட்டிங் வருது, ரெண்டு பேர் அவுட், ரெண்டாவது பேஸ்ல ஒருத்தன் நிக்கிறான். எட்டாவது ஆளு பேட் புடிக்க வர்றாரு. எதிர் டீம் மேனேஜர் கையக் காட்டுறாரு, அவ்ளோதான், எட்டாவது ஆளு ஒரு பால் கூட ஆடாம மொத பேஸ்க்கு சும்மா நடந்து போறாரு. ஏன்ணே இப்டின்னு கேட்டேன். "அடுத்து யாரு வர்றான் பாரு" ன்னாரு.

அடுத்தது ஒம்போதாவது ஆளு. பிட்சர்.

கிரிக்கெட் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இத கொஞ்சம் விளக்கணும். பேஸ்பால்ல ஒரு டீம்ல ஒம்போது பேர், ஒம்போது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸ்லயும் மூணு அவுட், பேஸ் எல்லாம் சுத்தி வந்தா ஒரு ரன். பேட்டிங் வரிசை சுத்திக்கினே இருக்கும், ஒம்போதாவது ஆளு முடிஞ்சா மறுபடி மொத ஆளு. நம்ம பதினொன்னாவது ஆளு பாதி மேட்ச்ல பேடு கட்டுறதோட சரி, அங்க அப்பல்லாம் அப்டி தப்பிக்கவே முடியாது, பிட்சருக்கு ரெண்டு மூணு தடவ கண்டிப்பா வரும். இன்னொரு விஷயம், ஒருத்தர வெளிய எடுத்துட்டா அந்த மேட்ச்ல அவரு திரும்ப உள்ள வரவே முடியாது. இப்ப யோசிங்க. பிட்சருக்கு பதிலா நல்லா அடிக்கிற ஒருத்தர, பின்ச் ஹிட்டர்னு சொல்லுவாங்க, அனுப்பினா ரன் வரலாம், ஆனா பிரமாதமா போட்டுக்கினு இருக்கிறவரு போயிடுவாரு, எட்டாவது இன்னிங்ஸ யார வெச்சி போடுறது? பிட்சரையே அனுப்பினா ரன் வர்றது சந்தேகம், ஆனா பந்து அவரு கையிலயே இருக்கும்.

நாப்பதாயிரம் பேரும் கிரவுண்ட பாக்கல, டக்அவுட் படிக்கட்டத்தான் பாத்துக்கினு இருக்காங்க, யாரு ஹெல்மெட் போட்டுக்கினு வெளிய வருவான்னு. பிட்சரே வந்தாரு. அப்ப எழும்பிச்சு பாருங்க ஒரு சத்தம். அவரு பேட் புடிச்சி நின்ன விதத்துலயே தெரிஞ்சிது இது அவரு வேல இல்லன்னு, ஆனாலும் விடல, ஒம்போது பால் ஆடினாரு, நாலஞ்சு பந்த ஓரத்துல தட்டி தட்டி வெளிய விட்டாரு, கடைசில தரையோட ஒண்ணு உருட்டி அவுட். எட்டாவது இன்னிங்ஸ்ல வந்து அவரே ஒரு ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, குடுத்தாரு. தோத்துட்டோம், ஒண்ணுக்கு ஜீரோ. ரயில் ஏறி வீடு வர்ற வரைக்கும் அண்ணன் ஒரே சண்டை, பின்ச் ஹிட்டர் அனுப்பியிருக்கணும்யா, அங்கதான்யா மேட்ச்சு போச்சுன்னு. நான் இல்லண்ணே அவரு கரெக்டாத்தான் பண்ணாருன்னு வாதாடுறேன், விளையாட்டோட ரூல் தெரிஞ்சி மூணே மேட்ச் ஆனவன். அன்னிக்கு நான் பேஸ்பால் ரசிகன் ஆனேன். அந்த மேட்ச்ல டெசிக்னேட்டட் ஹிட்டர் இருந்திருந்தா இந்த கேள்வியே வந்திருக்காது.

டெசிக்னேட்டட் ஹிட்டர்னா, சுருக்கமா டிஹெச், ஃபீல்டிங்கே பண்ணாம பிட்சருக்கு பதிலா பேட் மட்டும் புடிக்கிற ஆளு. இந்த யோசனை ரொம்ப பழசு, 1906லயே ஃபிலடெல்ஃபியா டீம் மேனேஜர் கோனி மேக் சொல்லியிருக்காரு, அப்ப யாரும் எடுத்துக்கல. அங்க பெரிய பேஸ்பால்ல ரெண்டு லீக், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக். 1968ல பிட்சருங்க ராஜ்யம் உச்சத்துக்கு போச்சு, கார்டினல்ஸ் பிட்சர் பாப் கிப்சன் அந்த சீசன்ல ஒம்போது இன்னிங்ஸ்க்கு சராசரியா 1.12 ரன்தான் குடுத்தாரு, அமெரிக்கன் லீக்ல பேட்டிங்ல மொத எடத்துல வந்த யஸ்ட்ரெம்ஸ்கியோட சராசரியே .301 தான், அதாவது நூறு தடவைக்கு முப்பது ஹிட். அடுத்த வருஷம் பிட்சர் நிக்கிற மேட்ட 15 அங்குலத்துல இருந்து 10 அங்குலமா கொறச்சாங்க. அப்பவும் அமெரிக்கன் லீக்ல ரன்னும் கொறைச்சல், கூட்டமும் கொறைச்சல், ஓக்லண்ட் டீம் ஓனர் சார்லி ஃபின்லி விடாம கேட்டு, 1973ல அந்த லீக்ல மட்டும் டிஹெச் வந்திச்சு. ஏப்ரல் 6, பாஸ்டன் ஃபென்வே பார்க், யாங்கீஸ் டீம் ரான் ப்ளூம்பெர்க், அவருதான் மொத டிஹெச். எல்லா பேஸ்லயும் ஆளு நிக்க, அவருக்கு வாக், அதாவது அடிக்காமலே மொத பேஸ்க்கு நடந்து போறது, கெடச்சி ஒரு ரன் வந்திச்சு. அந்த பேட் கூப்பர்ஸ்டவுன்ல இருக்கிற பேஸ்பால் மியூசியத்துக்கு போயிடுச்சு.

நேஷனல் லீக் மட்டும் கிட்டத்தட்ட அம்பது வருஷம் மாட்டேன்னு நின்னுச்சு. ஒரே விளையாட்டு, ரெண்டு லீக், ரெண்டு ரூலு. கொரோனா வந்த 2020ல, 60 மேட்ச் மட்டும் ஆடின சீசன்ல, தற்காலிகமா ரெண்டுலயும் வெச்சாங்க, 2021ல நேஷனல் லீக்ல எடுத்தாங்க, 2022ல இருந்து நிரந்தரமா ரெண்டுலயும் டிஹெச். நான் செயின்ட் லூயிஸ்ல பார்த்த அந்த ராத்திரி மாதிரி ஒண்ணு இனிமே அங்க நடக்காது.

டிஹெச் வேணும்னு சொல்றவங்க பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2021ல பிட்சருங்க பேட்டிங் சராசரி ஏறத்தாழ .110, அதாவது நூறு தடவ நின்னா பதினோரு தடவதான் ஹிட். அத பாக்க காசு குடுத்து எதுக்கு வரணும்னு கேக்குறாங்க. அடிபடுறது இன்னொண்ணு. 2008ல யாங்கீஸோட சியென் மிங் வாங், ஹூஸ்டன்ல பேஸ் சுத்தி ஓடும்போது பாதத்துல அடிபட்டுச்சு, அதுக்கு அப்பால பழைய வாங் திரும்பவே இல்ல. 2015ல கார்டினல்ஸ் பிட்சர் ஆடம் வெயின்ரைட், அடிச்சிட்டு ஓட ஆரம்பிச்ச எடத்துலயே குதிகால் தசைநார் அறுந்துச்சு. கோடி கோடியா குடுத்து எடுத்த பிட்சர, அவருக்கு தெரியாத வேலைய செய்ய சொல்லி ஒடச்சிட்டீங்களேன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்தான். டேவிட் ஓர்ட்டிஸ் மாதிரி ஆளுங்க, ஃபீல்டிங் ஓடாது, ஆனா பேட் எடுத்தா தீப்பொறி, 2022ல ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் ஜாம்பவானுங்க பட்டியல், அதுக்கே போனாரு, டிஹெச் இல்லன்னா அவரு இவ்ளோ வருஷம் ஆடியிருப்பாரா?

இதெல்லாம் யோசிச்சும் நான் அந்த பக்கம் போகல. ஏன்னா அந்த .110 எங்கருந்து வந்திச்சுன்னு பாக்கணும். காலேஜ்ல டிஹெச், சின்ன லீக்ல பெரும்பாலும் டிஹெச், பதினெட்டு இருவது வயசுல இருந்து பேட்டையே தொட விடாம வளத்துட்டு, பெரிய லீக் வந்ததும் மணிக்கு 95 மைல் பந்த அடின்னு நிக்க வெச்சா எவன் அடிப்பான்? மொதல்ல ரூல போட்டு அவங்க கைய பழக விடாம பண்ணிட்டு, அப்பால பாரு இவனுங்களுக்கு அடிக்க வரலன்னு அதையே காரணம் காட்டி ரூல நிரந்தரம் பண்றது எனக்கு ஏத்துக்க முடியல. என் அக்கா பையன் விஷயத்துலயும் இதேதான், இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சி அவனுக்கு பேட்டிங் வராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மையாவும் இருக்கும்.

பழக விட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா, பந்தும் போட்டு பேட்டும் புடிக்கிற ஷோஹெய் ஓதானிய பாருங்க. அவரு ஜப்பான்ல படிச்ச காலத்துல ஸ்கூல் பேஸ்பால்ல டிஹெச் கெடையாது, பிட்சரும் பேட் புடிச்சே ஆகணும். 2025 அக்டோபர் 17, மில்வாக்கி டீமுக்கு எதிரா நேஷனல் லீக் இறுதிச்சுற்று நாலாவது மேட்ச், பந்து போட்டு பத்து பேர ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்கவே விடாம அவுட் பண்ணாரு, ஒரு ரன் குடுக்கல, அதே மேட்ச்ல பேட் புடிச்சி மூணு ஹோம் ரன். நான் காலைல ஆஃபீஸ் போகாம அத பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். 2023ல கை ஆபரேஷன் பண்ணதால 2024ல பந்து போட முடியாம, டிஹெச்சா மட்டும் ஆடித்தான் அவரு எம்விபி, அதாவது லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினாரு, அதையும் சொல்லணும், அந்த வருஷம் அந்த ரூல்தான் அவர ஆட வெச்சிச்சு. ஆனா ஓதானிய ஓதானி ஆக்கினது அந்த ரூல் இல்ல. ஜப்பான்லயே சென்ட்ரல் லீக் 2027ல இருந்து டிஹெச் கொண்டு வரப்போறதா அறிவிச்சிருச்சு, படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு.

வயசு நாப்பத்திரெண்டு, நல்ல உடம்பு, அது வரைக்கும் பெரிய லீக்ல ஒரு ஹோம் ரன் கூட அடிக்காத பிட்சர் பார்டோலோ கோலோன், 2016 மே 7ல சான் டியாகோல ஒண்ணு தூக்கி அடிச்சாரு. மொத ஹோம் ரன் அடிச்சவங்கள்ல ரொம்ப வயசானவரு அவருதான். அவரு பேஸ் சுத்தி வர்றதுக்கு எடுத்துக்கின நேரம், டீம் பசங்க எல்லாம் டக்அவுட்ட காலி பண்ணிட்டு ஒளிஞ்சிக்கினது, இன்னிக்கும் வீடியோ போட்டா எனக்கு கண்ணு கலங்கும். இந்த மாதிரி ஒண்ணு இனிமே எங்கருந்து வரும்?

சரி நம்ம ஆட்டத்துக்கு வர்றேன். 2005லயே ஒருநாள் மேட்ச்ல சூப்பர்சப்னு ஒண்ணு வெச்சி பார்த்தாங்க, நடுவுல ஒருத்தர மாத்திக்கலாம், ஆனா டாஸ்க்கு முன்னாடியே ஆள சொல்லணும், அதனால டாஸ் ஜெயிச்சவனுக்குத்தான் லாபம், ஒரு வருஷம் கூட ஓடல, தூக்கிட்டாங்க. இப்ப இருக்கிற இம்பாக்ட் பிளேயர் 2023 ஐபிஎல்ல வந்திச்சு, மொத மேட்ச், மார்ச் 31, அகமதாபாத், நம்ம சிஎஸ்கே அம்பத்தி ராயுடுவ எடுத்துட்டு துஷார் தேஷ்பாண்டேவ எறக்கினாங்க. பேட் புடிக்கிறவன் போயி பந்து போடுறவன் வர்றான், அப்டியே டிஹெச்தான், பேருதான் வேற. அடுத்த வருஷம் ஹைதராபாத் பெங்களூர்ல 287 அடிச்சிது. எட்டாவது ஆளு வரைக்கும் பேட்ஸ்மேன் இருக்கான்னா மேல ஆடுறவனுக்கு பயம் எதுக்கு, சுத்திக்கினே இருக்கலாம். விக்கெட்டுக்கு வெல போச்சு, அதுதான் எனக்கு பெரிய கொற. ரோஹித் சர்மாவே 2024ல வெளிப்படையா சொன்னாரு தனக்கு இது அவ்ளோ புடிக்கலன்னு, வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே மாதிரி ஆல்ரவுண்டருங்களுக்கு பந்து போட வாய்ப்பே வரலன்னு. துபே மஞ்ச ஜெர்சில எத்தன மேட்ச் வந்து அடிச்சிட்டு போயி உக்காந்தாரு, நீங்களே பார்த்திருப்பீங்க. சையது முஷ்டாக் அலி டிராஃபில 2024-25 சீசன்ல இத எடுத்துட்டாங்க, ஐபிஎல்ல 2027 வரைக்கும் இருக்கும்னு சொல்லிட்டாங்க.

பந்து போடுறவன் பேட் புடிக்கிறது பாக்க நல்லா இல்லன்னு சொல்றவங்கள ஒண்ணு கேக்குறேன். 2025 ஜூலை 14, லார்ட்ஸ் டெஸ்ட் அஞ்சாவது நாள், நீங்க டிவிய ஆஃப் பண்ணீங்களா? 193 வேணும், 112க்கு எட்டு விக்கெட் போயாச்சு. பும்ரா வந்து 54 பால் நின்னாரு, அஞ்சு ரன். சிராஜ் 30 பால், நாலு ரன். அந்தாண்ட ஜடேஜா ஒத்தையா 61. சிராஜ் பேட்டு நடுவுல பட்ட பந்து, கட்டை போட்ட பந்து, கீழ விழுந்து பின்னாடி உருண்டு போயி ஸ்டம்புல தொட்டு பெயில் விழுந்திச்சு. 22 ரன்ல தோத்தோம். சிராஜ் அங்கயே உக்காந்துட்டாரு, இங்கிலாந்து பசங்க வந்து தோள தட்டி தூக்குறாங்க. எங்க தெருவுல எல்லா வீட்லயும் அன்னிக்கு ராத்திரி அதே பேச்சு. அந்த 84 பால்ல அடிச்ச ஒம்போது ரன்னுக்கு நம்ம நெஞ்சு எப்டி அடிச்சிக்கிச்சு. அடிக்கத் தெரிஞ்சவன் நின்னிருந்தா அந்த மாதிரி இருந்திருக்குமா?

2022ல மெல்போர்ன்ல பாகிஸ்தானோட நம்ம அஸ்வின் நின்னதும் அப்டித்தான். ஒரு பால், ரெண்டு ரன். லெக் சைடுல போன பந்த தொடாம விட்டாரு, வைடு. அடுத்தத மிட் ஆஃப் தலைக்கு மேல தூக்கி விட்டாரு. அந்த ஒரு பால விடுற தெளிவு அவருக்கு எங்கருந்து வந்திச்சு? சின்ன வயசுல பேட்ஸ்மேனா ஆட ஆரம்பிச்சவரு, பவுலர் ஆன அப்பாலயும் பேட்ட கீழ வெக்கல, டெஸ்ட்ல ஆறு செஞ்சுரி. எல்லாரும் அஸ்வின் ஆக முடியாது, ஒத்துக்கறேன். நம்ம பழைய ஸ்பின்னர் சந்திரசேகர் 58 டெஸ்ட்ல 242 விக்கெட் எடுத்தாரு, மொத்தமா அடிச்ச ரன் 167. எடுத்த விக்கெட்ட விட ரன் கம்மி. ஆனா ஒவ்வொரு தடவையும் பேடு கட்டிக்கினு நடந்து வந்தாரே, அவரு வந்தா எதிர் டீம் ஃபீல்டர் எல்லாம் கிட்ட வருவான், இந்தாண்ட நிக்கிற நம்ம பேட்ஸ்மேன் கணக்கு போடுவான், ஆறாவது பால்ல சிங்கிள் எடுக்கணும், இவனுக்கு ஸ்ட்ரைக் குடுக்கக் கூடாதுன்னு. அந்த கணக்குதான் ஆட்டம்.

எனக்கும் ஒண்ணு இருக்குது. பத்தொம்போது வயசுல பாலாத்து மணல்ல டென்னிஸ் பால் டோர்னமென்ட், நான் கடைசி ஆளு, ரெண்டு பாலுக்கு மூணு ரன். மொத பால கண்ண மூடிக்கினு சுத்தினேன், ஸ்டம்பு போச்சு. ஒருத்தன் பேசல. கேப்டன் அண்ணன் மட்டும் கிட்ட வந்து அவரு குடிச்சிக்கினு இருந்த கோலி சோடாவ பாதி குடுத்துட்டு, நாளைலேர்ந்து அர மணி நேரம் முன்னாடி வாடா, கட்டை போட கத்துக்கன்னாரு. மூணு மாசம் போனேன். பந்த கண்ணால கடைசி வரைக்கும் பாக்க கத்துக்கினதே அப்பதான், அதுக்கு அப்பாலதான் எனக்கு பந்து போடவே ஒழுங்கா வந்திச்சு, எங்க போட்டா பேட்ஸ்மேனுக்கு கஷ்டம்னு அந்த எடத்துல நின்னவனுக்குத்தானே தெரியும். அன்னிக்கு இம்பாக்ட் ரூல் இருந்திருந்தா நான் அவுட்டே ஆகியிருக்க மாட்டேன், அந்த மூணு மாசமும் எனக்கு கெடச்சிருக்காது.

ஐபிஎல், அமெரிக்கா எல்லாம் நம்ம சொல்லி மாறப் போறதில்ல, அங்க டிவி, காசு, ஆயிரம் கணக்கு இருக்குது. ஆனா காட்பாடி, தொரப்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எல்லாம் லீவுல டோர்னமென்ட் நடத்துற அண்ணன்மாருங்க யாராவது இத படிச்சா, கைய புடிச்சி கேக்குறேன், நோட்டீஸ்ல அந்த ஒரு லைன மட்டும் எடுத்துடுங்க. பதினோரு பேர் வந்தா பதினோரு பேரும் பந்தையும் தொடணும் பேட்டையும் தொடணும், பதினஞ்சு பதினாறு வயசு பசங்களுக்கு நீ இதுக்கு மட்டும்தான்னு இப்பவே சீல் குத்தாதீங்க.

பையனுக்கு போன வாரம் ஒரு ஜோடி பேடும் கிளவுஸும் வாங்கி குடுத்தேன். அக்கா, படிக்கிற நேரத்துல எதுக்குடா இதெல்லாம்னு என்னத்தான் திட்டிச்சு. தெனமும் சாயந்திரம் வீட்டுக்கு பின்னாடி காலி மனைல முப்பது பால் போடுறேன் அவனுக்கு. மொத நாள் பேடோட வார மாத்தி கட்டிக்கினு வந்தான். நேத்து யார்க்கர் ஒண்ணு போட்டேன், பேட்ட நேரா எறக்கி கட்டை போட்டான், பந்து அங்கயே செத்துப் போச்சு. நிமிந்து என்ன பார்த்துட்டு, "மாமா, இன்னொண்ணு அதே மாதிரி போடு" ன்னான்.